வேளாங்கண்ணிக்கு நடை: கொடியேற்றம் வரை ஒரு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 18, மாலை – பெசன்ட் நகர்

பெசன்ட் நகர் ஆலய வாசலிலிருந்து வேளாங்கண்ணி பேராலயம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 29-ஆம் தேதி மாலை அங்கே கொடியேறும். நாளை அதிகாலை கிளம்பினால் அவசரமில்லாமல் போய்ச் சேரலாம். நாற்பது பேர் கொண்ட குழு, முன்னால் மாதா சொரூபம் வைத்த சிறு சப்பரம், பின்னால் மூட்டை முடிச்சும் பாத்திரமும் ஏற்றிய ஒரு டாடா ஏஸ். இந்தச் சாலையில் ஆண்டுதோறும் பார்க்கிற அமைப்புதான்.

நடப்பவர்களில் பெரும்பாலோர் எதற்காகவோ காத்திருப்பவர்கள். பிள்ளை வரம், வேலை, மகளின் கல்யாணம், தீராத நோய், குடியை விடாத கணவர். அதனால் கால்வலிக்கு என்ன செய்வது என்பதோடு, கடவுளுக்காகக் காத்திருப்பது எப்படி என்பதையும் இந்தக் குறிப்புகளில் எழுதுகிறோம். நடையைப் போலவே அதற்கும் முறை உண்டு, பயிற்சி உண்டு, வழக்கமாகத் தவறும் இடங்களும் உண்டு.

இன்று மாலைத் திருப்பலிக்குப் பிறகு காவி உடைகளையும் செபமாலைகளையும் கொடியையும் மந்திரித்துக் கொடுத்தார்கள். அதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொருவரும் தன் விண்ணப்பத்தை ஒரே வரியில் எழுதவேண்டும். 'குடும்பத்தில் எல்லாம் நல்லபடியாக நடக்கவேண்டும்' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவோம். எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டவருக்கு, எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதும் தெரியாது. ஐந்தாம் நாளே மனசு அலைபாயும். 'மகனுக்கு இந்த வருஷம் வேலை கிடைக்கவேண்டும்' என்பது போதும். எழுதிய பிறகு நோட்டு சப்பரத்தில் மாதா காலடியில் போய்விடும். தினமும் காலையில் ஒருமுறை மட்டும் வாசிப்போம்.

பையில் இருக்கவேண்டியவை: இரண்டு செட் காவி உடை, இரண்டு துண்டு, மூன்று ஜோடி மெல்லிய காலுறை, ஏற்கெனவே பழகிய செருப்பு அல்லது ஷூ (புதிது வேண்டவே வேண்டாம்), வாசலின் டப்பா, பஞ்சு, பிளாஸ்டர், டெட்டால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்து, டார்ச், முதுகில் ஒட்ட ஒளிரும் ஸ்டிக்கர், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் பதினைந்து நாளுக்கு. எல்லாம் சேர்ந்து 5 கிலோவைத் தாண்டக்கூடாது.

ஆகஸ்ட் 19 – கோவளம்

அதிகாலை 3 மணிக்குப் புறப்பாடு. நடை நேரம் எல்லா நாளும் இதுதான்: 3 முதல் 9 வரை, மாலை 4 முதல் 7 வரை. இடையில் நடக்கக்கூடாது. ஆகஸ்ட் வெயிலில் பதினோரு மணித் தாரின் மேல் கால் வைக்க முடியாது. வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொண்டவர்களுக்குப் பாதம் வெந்துவிடும். அப்படி நேர்ந்தவர்கள் 8 மணிக்கே நிறுத்திவிட்டு, மிச்ச தூரத்தைச் சாயங்காலம் நடப்பது நல்லது. நேர்ச்சை வெறுங்காலுக்குத்தானே தவிர வெந்த காலுக்கு இல்லை.

முதல் நாள் மாலையே பாதிப் பேருக்குக் கொப்புளம் வரும். ஈரமான தோல், சூடு, உரசல் மூன்றும் சேர்ந்தால் கொப்புளம். மூன்றில் ஒன்றை நீக்கினால் பெரும்பாலும் வராது. கிளம்பும்போது விரல் இடுக்கிலும் குதிகாலிலும் வாசலின் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காலுறையைக் கழற்றிக் காலைக் காற்றாட விடவேண்டும். வந்துவிட்ட சிறு கொப்புளத்தை உடைக்கக்கூடாது. அதைச் சுற்றி வளையமாகப் பஞ்சு வைத்து, மேலே பிளாஸ்டர் ஒட்டினால் அழுத்தம் விழாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் தினமும் இரவில் இன்னொருவரிடம் உள்ளங்காலைக் காட்டியே ஆகவேண்டும். அவர்களுக்கு வலி தெரியாமலே புண்ணாகிவிடும்.

கோவளத்தில் கடலோரமாகக் கார்மேல் அன்னை ஆலயம். இங்கே நடைப்பாடல்களைத் தொடங்குவது வழக்கம். வேதத்தில் உள்ள திருப்பாடல்கள் 120 முதல் 134 வரையிலான பதினைந்தும் எருசலேமுக்கு நடந்து ஏறிய யூதத் திருப்பயணிகள் பாடியவை. எல்லாம் சின்னப் பாடல்கள், நடந்துகொண்டே மனப்பாடம் செய்துவிடலாம். ஒரு வேளை நடைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் வேளாங்கண்ணிக்கு முன்பே முடிந்துவிடும். முடிந்ததும் 130-ஐ மறுபடி எடுப்போம். விடியலுக்காகக் காத்திருக்கும் காவலரைவிட அதிக ஆவலோடு ஆண்டவருக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்லும் பாடல் அது. அதிகாலை நான்கு மணிக்கு, கடல்பக்கம் இன்னும் இருட்டாக இருக்கும்போது அதை வாசித்தால் விளக்கவுரை தேவைப்படாது. காவலர் விடியலை வரவழைக்க எதுவும் செய்வதில்லை. ஆனால் விடியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் வேலை தூங்காமல் இருப்பது.

ஆகஸ்ட் 20, 21 – கல்பாக்கம், கடப்பாக்கம்

மாமல்லபுரம் தாண்டியதும் கூட்டம் குறைகிறது. தண்ணீர்ப் பந்தல்களுக்கு இடையே தூரம் கூடுகிறது. இந்த இரண்டு நாளும் தண்ணீர்தான் முக்கியம்.

தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். கால் மணிக்கொரு தரம் நான்கைந்து மடக்கு குடிக்கவேண்டும். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைசுற்றும், வாந்தி வரும். பலர் இதை வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையைக் கெடுத்துவிடுவார்கள். அதனால் ஓ.ஆர்.எஸ். கரைத்தும் குடிக்கவேண்டும். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் ஒரு லிட்டரில்தான் கரைக்கவேண்டும். ருசிக்காக அரை லிட்டரில் கரைத்தால் தாகம் கூடும், வயிறும் கலங்கும். பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

காலை ஒன்பது மணிக் கஞ்சிக்கு நாற்பது பேருக்கு நொய்யரிசி 3 கிலோ, பாசிப்பருப்பு முக்கால் கிலோ, ஒரு கைப்பிடி சீரகம், இரண்டு தேங்காய்ப் பால். தொட்டுக்கொள்ள நெல்லிக்காய் ஊறுகாய். பூரி, பரோட்டா கொடுக்கும் அன்னதானப் பந்தல்கள் வழியில் நிறைய உண்டு. அன்போடு தருகிறார்கள், வாங்கிக்கொள்ளலாம், ஆனால் நடைக்கு முன் சாப்பிடவேண்டாம். நெஞ்செரிச்சலோடு பத்து கிலோமீட்டர் நடப்பது கடினம்.

செபமாலை: உட்கார்ந்து சொன்னால் ஐம்பத்துமூன்று மணி செபமாலை இருபது நிமிடம். நடக்கும்போது இருபத்தைந்து ஆகும். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். சப்பரத்துக்கு முன்னால் போகிறவர்கள் 'அருள் நிறைந்த மரியே' சொல்ல, பின்னால் வருகிறவர்கள் 'தூய மரியே' சொல்லவேண்டும். வரிசை நீண்டுவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். அதற்கு ஒலிபெருக்கியைக் கூட்டுவது தீர்வாகாது, நடையைக் குறைக்கவேண்டும். ஒரு நாளைக்கு நான்கு செபமாலை போதும். இருபது சொன்னேன், இருபத்தைந்து சொன்னேன் என்று கணக்கு வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். அவர்கள் காத்திருப்பதை மறந்து கடவுளுக்கு ரசீது போட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

செபமாலையில் தியானிக்கும் ஐந்து மகிழ்ச்சி மறையுண்மைகளை இந்த நடையில் வழக்கத்தைவிட மெதுவாகச் சொல்லச் சொல்வோம். கோவிலில் சிமியோன் குழந்தை இயேசுவைக் கையில் வாங்குகிற நான்காவதும், தொலைந்த பிள்ளையை மூன்று நாள் தேடிக் கண்டுபிடிக்கிற ஐந்தாவதும் காத்திருந்தவர்களைப் பற்றியவை. சிமியோனோடு அன்னா என்ற மூதாட்டியும் இருந்தார், வயது எண்பத்துநான்கு. அவர் கோவிலைவிட்டு நீங்கவே இல்லை என்கிறார் லூக்கா.

ஆகஸ்ட் 22 – மரக்காணம் வழியாகக் காலாப்பட்டு

அரசியான மரியாவின் நினைவு நாள். சாலையின் இரு பக்கமும் உப்பளம். நிழல் கிடையாது, கண் கூசும், காலை ஏழரைக்கே உதடு வெடிக்கும். தலையில் நனைத்த துண்டு போட்டுக்கொள்ளவும்.

இந்த இடத்தில்தான் குழுவில் முதல் சண்டை வரும். 'இவ்வளவு மெதுவாகப் போனால் எப்போது சேர்வது' என்று பத்துப் பேர் முன்னால் ஓடுவார்கள். அதனால் மத்தியான ஓய்வில் இன்று வாசிக்க வேதத்திலிருந்து மூன்று இடங்களை வைத்திருக்கிறோம். மூன்றும் காத்திருக்க முடியாமல் போனவர்களின் கதை.

ஆபிரகாம் ஊரைவிட்டுக் கிளம்பியபோது வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. இடையில், 86-ஆம் வயதில், மனைவி சாராயின் பணிப்பெண் ஆகார் வழியாக இஸ்மயேல் பிறக்கிறான். பிள்ளை தருவேன் என்ற கடவுளின் வாக்குறுதியில் அவர்களுக்கு நம்பிக்கை போய்விடவில்லை. கடவுள் சொன்னது நடக்க நாமே ஒரு வழி செய்துகொடுப்போம் என்று சாராய் நினைத்ததுதான் நடந்தது. பதினொரு வருடம் காத்திருந்தவர்கள் செய்த காரியம் இது. அதன் பாரத்தைச் சுமந்தவள் ஆகார். நாம் பொறுமை இழந்தால் அடிபடுவது பெரும்பாலும் வீட்டிலேயே எளியவர்கள். குழந்தை இல்லை என்று மருமகளை வதைக்கும் வீடுகளுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

சவுல் அரசன் கில்காலில், பலி செலுத்த வரவேண்டிய இறைவாக்கினர் சாமுவேலுக்காக ஏழு நாள் காத்திருந்தான். ஏழாம் நாள் வரை பொறுத்தான். படைவீரர்கள் கலைந்து போவதைக் கண்டு பயந்து, தானே பலி செலுத்தினான். செலுத்தி முடித்த கையோடு சாமுவேல் வந்து நின்றார். அவன் தவறியது கடைசி ஒரு மணி நேரத்தில்.

மூன்றாவது பொற்கன்று. மோசே மலையிலிருந்து இறங்கத் தாமதித்தார், மக்கள் கண்ணால் பார்க்க ஒன்று வேண்டும் என்றார்கள். இன்றைக்கு அதே தவிப்பில்தான் குறி கேட்கப் போகிறோம், வண்டி எண்ணைக் கூட்டிப் பார்க்கிறோம், பட்டாம்பூச்சி சப்பரத்தில் உட்கார்ந்தால் பதில் வந்துவிட்டது என்கிறோம். அடையாளம் தேடுகிற மனம் அடுத்த நாள் எதிர் அடையாளத்தைப் பார்த்து உடைந்துபோகும்.

ஆகஸ்ட் 23 – புதுச்சேரி

காலையில் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மிஷன் வீதியில் சம்பா கோவில் என்று ஊரார் அழைக்கும் அமலோற்பவ அன்னை பேராலயத்தில் திருப்பலி, பிறகு முழு ஓய்வு. துணி துவைக்க, நகம் வெட்ட, காலை வெந்நீரில் ஊறவைக்க நல்ல நாள். வெந்நீரில் ஒரு கைப்பிடி கல்லுப்பு, பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். தோல் ஊறிப் புதுக் கொப்புளம் வரும்.

ஓய்வு நாளில் செய்ய ஒரு செபம் உண்டு. நடையில் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வருகிறோம், இங்கே வாயை மூடிக்கொண்டு இருபது நிமிடம் காத்திருக்கவேண்டும். செய்யும் விதம்:

முதலில் உட்காரும் இடம். சுவரில் சாய்ந்தால் தூக்கம் வரும், நாலு நாள் நடந்த உடம்பு அது. சம்மணமிட்டு, முதுகு நிமிர்ந்து, நற்கருணைப் பேழையைப் பார்த்தபடி உட்காரவும். முழங்கால் வலிப்பவர்கள் பெஞ்சு நுனியில். சிலுவை அடையாளம் போட்டு, காலையில் நோட்டில் வாசித்த விண்ணப்பத்தை ஒரே ஒருமுறை மனசுக்குள் சொல்லவும். பிறகு அதைத் திரும்ப எடுக்கக்கூடாது. இது மிகக் கடினமான படி. மனசு பத்து வினாடிக்கொரு தரம் அதையே போய்த் தொடும். தொடும்போதெல்லாம் 'ஆண்டவரே, நீர் கேட்டுவிட்டீர்' என்று சொல்லிவிட்டு மூச்சைக் கவனிக்கவும். பிடிக்க ஒரு வரி வேண்டும் என்பவர்களுக்குத் திருப்பாடல் 131: தாய்மடியில் தவழும் பால்குடி மறந்த குழந்தை. பால் குடிக்கிற குழந்தை மடியில் கிடப்பது பாலுக்காக. பால்மறந்த குழந்தை மடியில் கிடப்பது அம்மாவுக்காக. அது இப்போது எதையும் கேட்டு அழவில்லை.

இருபது நிமிடத்தில் என்னென்ன தவறும்? முதல் ஐந்து நிமிடம் உடம்பு அரிக்கும், அடுத்த பத்து நிமிடம் பழைய சண்டைகள் ஞாபகம் வரும், அதன்பின் அழுகை வரலாம். அழுகை வந்தால் தடுக்கவேண்டாம், எழுந்து போகவும் வேண்டாம். இன்னொன்று பேரம்: 'இதை மட்டும் நடத்திக்கொடு, அடுத்த வருஷமும் நடந்து வருகிறேன்.' இதைக் கண்டுபிடிப்பது சுலபம்; 'மட்டும்' என்ற சொல் வந்தாலே பேரம் தொடங்கிவிட்டது. பேரத்தில் காத்திருப்பு கிடையாது, கெடுதான் உண்டு. கெடு தாண்டினால் கோபம் வரும். நேர்ச்சை செய்வது தவறில்லை, திருச்சபையே அதை மதிக்கிறது. ஆனால் நேர்ச்சை என்றால் கொடுத்துவிட்டேன் என்பது. கொடுத்தால்தான் கொடுப்பேன் என்பது அதில் சேராது.

எதுவுமே உணராமல் இருபது நிமிடம் வெறுமனே கழிந்தால் செபம் வீண் என்று நினைக்கவேண்டாம். காத்திருப்பது என்ற காரியம் நடந்துவிட்டது. நேரத்தை முன்கூட்டியே முடிக்காமல் இருந்தீர்களா என்பது மட்டும்தான் கேள்வி.

ஆகஸ்ட் 24 – கடலூர்

அரியாங்குப்பம் ஆரோக்கிய அன்னை ஆலயத்தில் நின்று, மாலைக்குள் கடலூர். குறுகிய நாள். மழை பெய்தது, ஈரக் காலுறையோடு நடக்காமல் உடனே மாற்றவும்.

ஆகஸ்ட் 25 – புதுச்சத்திரம்

சிப்காட் ஓரம் தொடங்கி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று நீள்கிறது சாலை. பார்க்க எதுவும் இல்லை. லாரிகள். முழங்கால் வலி உச்சத்துக்கு வருவதும் இன்றுதான். இறக்கத்தில் வலி கூடினால் முட்டியின் முன்பக்கத் தசை களைத்திருக்கிறது. எட்டி வைக்காமல் சின்ன அடியாக நடந்தால் குறையும். வீங்கினால், சிவந்தால், வண்டியில் ஏற்றிவிடவும். வண்டியில் வந்தவர் நேர்ச்சையை முறித்தவர் ஆகமாட்டார்.

இரவில் சிலர் தனியாக உட்கார்ந்து அழுவார்கள். போன வருஷமும் இதே வரி, அதற்கு முந்தின வருஷமும் இதே வரி என்பவர்கள். அவர்களோடு நடப்பவர்கள் தெரிந்துகொள்ளவேண்டியதை எழுதுகிறோம்.

'உங்க விசுவாசம் பத்தல' என்று சொல்லவே கூடாது. 'கடவுள் சோதிக்கிறார்', 'ஏதோ சாபம் இருக்கு', 'என் தங்கச்சி ஒரே வருஷம்தான் நடந்தா, உடனே கிடைச்சிடுச்சு' என்பவையும் கூடாது. வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு பகலும் ஏழு இரவும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்ததும் கெடுத்தார்கள். 'அக்கா, நான் கூட இருக்கேன், நீங்க சொல்லுங்க' என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அவர்கள் சொல்லுவதற்கும் வேதத்தில் வார்த்தை இருக்கிறது. திருப்பாடல் 13 ஆறே வசனம். முதல் இரண்டில் 'எத்தனை நாள்' என்ற கேள்வி நான்கு தரம் வருகிறது: இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர், எத்தனை நாள் முகத்தை மறைத்துக்கொள்வீர். அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில் நம்பிக்கை. நிலைமை மாறியதாகப் பாடலில் ஒரு சொல் கூட இல்லை; பகைவன் அங்கேயேதான் இருக்கிறான். இந்த வரிசையிலேயே சொல்லப் பழக்குவோம். முறையிடுவதை விட்டுவிட்டு நேராக நம்பிக்கை வசனத்துக்குப் போனால் அது நெஞ்சில் ஒட்டாது. கடவுளிடம் கோபித்துக்கொள்வது அவரோடு இன்னும் பேசிக்கொண்டிருப்பவர் செய்கிற காரியம். பேச்சை நிறுத்திவிட்டுச் சடங்குக்கு நடப்பவர்களைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை.

ஆகஸ்ட் 26 – சிதம்பரம், கொள்ளிடம், சீர்காழி

கொள்ளிடம் பாலத்தை இருட்டில் கடக்கக்கூடாது. வெளிச்சம் வந்தபிறகு, வலது ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, ஒற்றை வரிசையில் போகவும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் சிவப்பு விளக்கோடு. சப்பரத்தின் ஒலிபெருக்கியைப் பாலத்தில் அணைத்துவிடுவோம், ஹாரன் கேட்கவேண்டும். கைபேசியில் படம் எடுக்க யாரும் நிற்கக்கூடாது. நான்கு வழிச்சாலைப் பகுதிகளில் வண்டிகள் வேகமாக வரும், இரவு வரிசையில் ஸ்டிக்கர் இல்லாதவரை நடக்க விடுவதில்லை. சாலை ஓரத்தில் படுத்துத் தூங்குவதைப்போல ஆபத்து எதுவும் இல்லை. கல்யாண மண்டபம், பள்ளி, கோவில் வளாகம் கிடைக்கும் வரை நடந்தே ஆகவேண்டும்.

மருந்து விஷயம். மாதாவை நம்பி வந்திருக்கிறேன், மாத்திரை நிறுத்திவிட்டேன் என்று சொல்பவர் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார். சீராக் நூல் 38-ஆம் அதிகாரத்தை அவருக்கு வாசித்துக் காட்டவும்: மருத்துவரைப் படைத்தவர் ஆண்டவர், மருந்தை மண்ணிலிருந்து விளைவித்தவரும் அவரே, நோயுற்றால் மன்றாடு, மருத்துவருக்கும் இடம் கொடு. இரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, மனநோய் மாத்திரைகளை ஒருநாள் கூட விடக்கூடாது. பிள்ளைக்காகச் சிகிச்சை எடுக்கும் தம்பதியர் ஊர் திரும்பியதும் மருத்துவரிடம் அடுத்த தேதி வாங்கவேண்டும். கடவுளுக்காகக் காத்திருப்பவர் தன் பங்கு வேலையைச் செய்துகொண்டே காத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 27 – தரங்கம்பாடி

புனித மோனிக்கா நாள். இந்த நடையில் இதைவிடப் பொருத்தமான திருநாள் வராது. பிள்ளைகளுக்காக நடக்கும் தாய்மார் இன்று சப்பரத்தைத் தள்ளுவார்கள்.

மகன் அகுஸ்தீன் மனம் மாறிக் கிறிஸ்தவனாகவேண்டும் என்று மோனிக்கா மன்றாடியது ஏறத்தாழ 17 வருடம் என்பார்கள். எல்லோருக்கும் தெரிந்தது அது. அதில் ஓர் இரவு மட்டும் கூர்ந்து பார்க்கத் தக்கது. கார்த்தேஜ் துறைமுகத்திலிருந்து மகன் ரோமுக்குக் கப்பலேறப் போகிறான், தாய் விடமாட்டேன் என்கிறார். நண்பனை வழியனுப்புவதாகப் பொய் சொல்லிவிட்டு அவன் ஏறிவிடுகிறான். கடலோரத்தில் புனித சிப்பிரியான் நினைவு ஆலயத்தில் அவர் அந்த இரவு முழுக்க மன்றாடினார், மகன் போய்விடக்கூடாது என்று. காலையில் பார்த்தால் கப்பல் போய்விட்டது. கேட்டது அப்படியே மறுக்கப்பட்டது. ஆனால் அந்தக் கப்பல்தான் அவனை இத்தாலிக்குக் கொண்டுபோனது; அங்கே மிலானில் ஆயர் அம்புரோசை அவன் சந்திக்கிறான்; 387-இல் உயிர்ப்புப் பெருவிழா இரவில் அவர் கையால் திருமுழுக்குப் பெறுகிறான். அன்றிரவு தாய் கேட்டதைக் கடவுள் தராததற்குக் காரணம், அவர் எப்போதும் கேட்டுவந்ததைத் தருவதற்காகத்தான் என்று அகுஸ்தீனே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இதை உடனே எல்லோருடைய வாழ்க்கைக்கும் பொருத்திவிடக்கூடாது. மகன் திரும்பினான் என்பது பல வருடம் கழித்துத் தெரிந்தது. அந்த விடியற்காலையில் மோனிக்கா கையில் இருந்தது காலியான துறைமுகம்தான். அவர் செய்தது என்ன என்று பாருங்கள்: வீட்டுக்குப் போனார், மறுபடி மன்றாடத் தொடங்கினார், பிறகு ஒருநாள் கடல் கடந்து மகனைத் தேடிப் போனார். மகனுடைய திருமுழுக்கைப் பார்த்த அதே ஆண்டில், ஊர் திரும்பும் வழியில் ஒஸ்தியாவில் இறந்தார்.

தரங்கம்பாடியில் லூத்தரன் சபையின் புதிய எருசலேம் ஆலயத்தில் சிறிது நேரம் நிற்கலாம். 1718-இல் எழுந்தது. 1706-இல் இங்கே வந்திறங்கிய சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். பழைய ஏற்பாட்டில் ரூத்து நூல் வரை வந்திருந்தார். 1719-இல் 36 வயதில் இறந்துவிட்டார். மிச்சத்தை முடித்தவர் வேறொருவர். சபை வேறு என்றாலும், தன் கையால் முடியாததைக் கடவுளிடம் விட்டுவிட்டுப் போனவர் முன்னால் கைகூப்ப எங்களுக்குத் தயக்கம் இல்லை.

ஆகஸ்ட் 28 – காரைக்கால், நாகூர்

அகுஸ்தீன் நாள். தாய்க்கு அடுத்த நாள் மகன்.

சாலை முழுக்கக் காவி. தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும் திருச்சிப் பக்கமிருந்தும் நடந்து வருபவர்களும் நாளை சேர்ந்துகொள்வார்கள். அதில் இந்துக் குடும்பங்கள் கணிசம். பந்தல் போட்டுத் தண்ணீர் தருபவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. நாகூரில் தங்கல். நாளை பதினேழு கிலோமீட்டர்தான் என்பதால் ராத்திரியே கிளம்பிவிடலாம் என்று துடிப்பவர்களைத் தூங்கவைக்கவும். சவுல் கதையை ஞாபகப்படுத்தினால் போதும்.

ஆகஸ்ட் 29 – வேளாங்கண்ணி

நாகப்பட்டினத்தைக் கடக்கும்போது பாட்டை நிறுத்தி, சுனாமியில் இறந்தோருக்காகச் செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லுவோம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிறு காலை, இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் கடலுக்குப் பலியானார்கள். வேளாங்கண்ணிக் கரையில் இறந்தவர்களில் மாதாவைத் தேடி வந்த திருப்பயணிகள் நிறையப் பேர். அவர்களும் விண்ணப்பத்தோடுதான் வந்தார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்று மட்டும் சொல்லி இதைத் தாண்டிப் போகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. அவர்களுக்கான பதில் உயிர்ப்பில் இருக்கிறது என்று நம்புகிறோம். அதற்காக அவர்களோடு சேர்ந்து நாமும் காத்திருக்கிறோம்.

வேளாங்கண்ணியில் முதலில் குளித்துவிட்டு, மாதா காட்சி தந்ததாக நம்பும் நடுத்திட்டு, மாதா குளம். அங்கும் பேராலயத்துக்கும் இடையிலான மணல் பாதையில் முழங்காலில் போக நேர்ந்துகொண்டவர்கள் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடவும். பிறகு மணல் கொதிக்கும். முட்டியில் பழைய வேட்டித் துணியை இரண்டு சுற்று சுற்றிக்கொள்ளலாம். துணைக்கு ஒருவர் பக்கத்தில் தண்ணீரோடு நடக்கவேண்டும். தொட்டில் கட்டுபவர்கள், பூட்டு மாட்டுபவர்கள், ஆள் உயர மெழுகுவர்த்தி, தென்னங்கன்று கொடுப்பவர்கள் எல்லாம் மத்தியானத்துக்கு முன். மாலையில் நகர இடம் இருக்காது. காணிக்கைக் காட்சியகத்தை இன்று பார்க்கவேண்டாம் என்று சொல்லுவோம். நன்றியாக வந்த வெள்ளித் தொட்டில்களும் கை கால் உருவங்களும் இன்னும் காத்திருப்பவருக்குச் சில சமயம் கனமாக இருக்கும்.

ஆகஸ்ட் 29 திருச்சபை நாள்காட்டியில் திருமுழுக்கு யோவானின் பாடுகள் நாள், அவர் சிறையில் கொல்லப்பட்டதன் நினைவு. கொடியேற்றப் பரபரப்பில் பலர் கவனிப்பதில்லை. சிறையிலிருந்து தன் சீடர்களை அனுப்பி யோவான் கேட்ட கேள்வி மத்தேயு 11-இல் இருக்கிறது: வரவிருப்பவர் நீர்தாமா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்கவேண்டுமா? யோர்தானில் இயேசுவைச் சுட்டிக்காட்டியவரே இப்படிக் கேட்கிறார். இயேசு கோபிக்கவில்லை. பார்வையற்றோர் பார்க்கின்றனர், கால் ஊனமுற்றோர் நடக்கின்றனர், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது என்று சொல்லி அனுப்பினார். சிறைக்கதவு திறக்கும் என்று மட்டும் சொல்லவில்லை. அது திறக்கவும் இல்லை. மூன்றாம் வருஷமும் அதே வரியை எழுதியவர்களுக்கு இன்றைய வாசகமாக இதைத்தான் கொடுக்கிறோம். பதில் வராதவருடைய கேள்வியையும் ஆண்டவர் மதித்தார், அவரைப்போல் பெரியவர் எவருமில்லை என்று மக்கள் முன்னால் சொன்னார்.

மாலையில் ஆரோக்கிய அன்னையின் உருவம் தாங்கிய கொடி பவனியாக வந்து, தஞ்சை ஆயர் மந்திரிக்க, கம்பத்தில் ஏறுகிறது. 'மரியே வாழ்க' முழக்கத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பிள்ளைகளின் கையில் கைபேசி எண் எழுதிய பட்டை கட்டவும். பிரிந்துபோனால் சந்திக்க ஓர் இடத்தை முன்பே பேசிவைக்கவும்.

நாளை 30-ஆம் தேதி தொடங்கி செப்டம்பர் 7 வரை சரியாக ஒன்பது நாள், நவநாள். ஆண்டவர் விண்ணேறிய பிறகு தூய ஆவிக்காக மரியாவும் திருத்தூதர்களும் மேல்மாடியில் சேர்ந்து காத்திருந்த நாட்களின் நினைவாகத்தான் நவநாளுக்கு ஒன்பது. தங்க முடிந்தவர்கள் 7-ஆம் தேதி இரவு பெரிய தேர் பவனியும், 8-ஆம் தேதி மாதா பிறந்தநாள் திருப்பலியும் மாலையில் கொடியிறக்கமும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். இன்றிரவே பேருந்து ஏறுகிறவர்கள் நோட்டிலிருந்து தங்கள் பக்கத்தைக் கிழித்து வாங்கிக்கொள்ளவும். வீட்டில் ஒன்பது நாளும் ஒரே நேரத்தில், ஒரு செபமாலை, திருப்பாடல் 130, அந்த வரி ஒருமுறை, பிறகு இருபது நிமிடம் மௌனம். ஒருநாள் தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, மறுநாள் தொடரலாம். பாதத்துக்கு ஒரு வாரம் தேங்காய் எண்ணெய். கருத்த நகத்தைப் பிடுங்கவேண்டாம், தானே விழும்.